மென்மையான பயிற்சிதானே, கையெழுத்து வாங்கினால் போதாதா?

பத்து வருடமாகத் தாய் சி (மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனத் தற்காப்புக் கலை) பழகியவர் நீங்கள். ஆசிரியர் சொன்னதால் இப்போது நீங்களே வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ‘உடல்நலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் என் பொறுப்பு முடிந்துவிடுமா? மென்மையான பயிற்சிதானே, இதில் அப்படி என்ன ஆபத்து?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி படிவத்தைப் பற்றியது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாகப் படுகிறது: என் வகுப்பில் ஒருவர் விழுந்துவிட்டால் அது என் தப்பா? வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் வரும் கேள்விதான். எனக்கு இன்னும் போகவில்லை. நான் பிசியோதெரபி படித்தவன். கொஞ்ச காலம் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுப் பதினெட்டு வருடமாகத் தாய் சியும், மூச்சும் மெல்லிய அசைவும் சேர்ந்த சீனப் பயிற்சியான சிகோங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘மென்மை’ என்ற சொல்லைப் பார்ப்போம். பளு தூக்கும் கூடத்துக்கு யார் போவார்கள்? பெரும்பாலும் உடம்பில் தெம்பு இருப்பவர்கள். தாய் சி வகுப்புக்கு யார் வருகிறார்கள்? முட்டி வலிப்பவர், இடுப்பு எலும்பு மாற்றியவர், மாரடைப்பிலிருந்து தேறியவர், போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், ‘ஏதாவது லேசா செய்யுங்க’ என்று மருத்துவர் அனுப்பியவர். பயிற்சி மென்மை என்பதாலேயே வருகிற உடம்புகள் எளிதில் நோகக்கூடியவை. நம் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. அசைவு எவ்வளவு லேசானது என்பதை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. எதிரில் நிற்பவர் யார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்பதையும் பிரித்துவிடுகிறேன். வயதானவர்கள் விழுவதைத் தாய் சி குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பு, தாய் சி செய்பவர்களில் கீழே விழுகிறவர்களின் எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து 24 வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. அதிலும், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். ஆக, பயன் உண்மைதான். பாதுகாப்பைப் பற்றிய ஆதாரம் அவ்வளவு திடமாக இல்லை. 2014-இல் 153 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பக்கவிளைவு வந்ததா இல்லையா என்று எழுதியிருந்தவை வெறும் 50. அவற்றில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் முட்டி வலி, முதுகு வலி போன்ற சின்னச் சின்னத் தொந்தரவுகள். மனதுக்கு ஆறுதலான செய்திதான். ஆனால் மீதி நூற்றுச் சொச்சம் ஆய்வுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா, ஆனதை யாரும் எழுதிவைக்கவில்லையா? அதோடு, ஆய்வுகளில் ஆட்களைச் சலித்துத்தான் சேர்ப்பார்கள். உங்கள் வகுப்பில் அந்தச் சல்லடை நீங்கள்தான்.

சரி, படிவம். உடற்பயிற்சிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளைக் கனடாவில் 1970-களிலேயே தொகுத்து, பார்-க்யூ என்று பெயர் வைத்தார்கள். ஏழே கேள்விகள்: இதய நோய் இருக்கிறதா, நெஞ்சு வலி வருகிறதா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டுப் பிரச்சினை உண்டா, இந்த மாதிரி. அதன் புதிய வடிவங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் புதிதாக ஒன்று எழுத வேண்டியதில்லை. படிவம் அவசியம் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அது பழசாகத் தொடங்குகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எழுபது வயதை நெருங்கிய ஒருவர், கலகலப்பான மனிதர், படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். அன்று அது உண்மை. நாலு மாதம் கழித்துப் புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அந்த வகை மாத்திரைகளில் சில, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். அவர் என்னிடம் சொல்லவில்லை. புராஸ்டேட் மாத்திரைக்கும் தாய் சிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்திருப்பார், நியாயம்தானே? நானும் கேட்கவில்லை. அன்றைக்குப் பார்த்து எல்லோரையும் மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கும் நிலையில் பத்து நிமிடம் நிறுத்தியிருந்தேன். ஏழாவது நிமிடம் அவர் முகம் வெளிறியது, உதட்டில் வேர்வை. நான் அந்தப் பக்கம் வேறொருவருடைய தோளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘சார்’ என்று யாரோ கூப்பிட்டுத் திரும்புவதற்குள் மனிதர் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்மணி தாங்கிப் பிடித்ததால் தலை தரையில் படவில்லை. என் திறமை அதில் ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: ‘போன வகுப்புக்கு அப்புறம் புதுசா மாத்திரை, புதுசா வலி, விழுந்தது, ஆஸ்பத்திரி, ஏதாவது உண்டா?’ பத்துப் பேர் நடுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் பத்து நிமிடம் முன்பே போய் வாசலில் நிற்பேன். செருப்பைக் கழற்றும்போது தனியாகச் சொல்வார்கள். சொன்னதை என் நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்வேன். அந்த நோட்டு பூட்டுக்குள் இருக்கும். ஒருவருடைய நோயை இன்னொருவர் முன்னால் சொல்லித் திருத்துவது (‘உங்களுக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருக்கே, கையைத் தூக்காதீங்க’) பெரிய தப்பு. நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

நின்றபடி செய்யும் சிகோங்கில் மயக்கம் ஏன் வருகிறது என்பது ஆசிரியருக்குப் புரிந்திருக்க வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால், அதுவும் முட்டியைப் பூட்டிக்கொண்டு நின்றால், அந்தப் பம்பு நின்றுபோகிறது. ரத்தம் காலில் தேங்குகிறது. மூளைக்குப் போவது குறைகிறது. ரத்த அழுத்த மாத்திரை, வெறும் வயிறு, புழுக்கம், நீர் குறைவு எல்லாம் இதைக் கூட்டும். அதனால் புதியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நடுநடுவே எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். மூச்சை அடக்கச் சொல்லவே வேண்டாம். மூச்சைப் பிடித்து முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், விட்டதும் இறங்கும். இதய நோயாளிக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் இது விளையாட்டல்ல. ‘இழு, நிறுத்து, விடு’ என்று எண்ணிக்கை போட்டுச் சொல்லித்தரும் பாணி சில மரபுகளில் உண்டு. பொது வகுப்பில் அதற்கு இடமில்லை என்பது என் கட்சி. மூச்சு அதன் போக்கில் வரட்டும்.

அடுத்து முட்டி. நம் துறையில் அதிகம் கெடுவது இதுதான்; கெடுப்பதும் பெரும்பாலும் நாம்தான். முட்டி கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நிமிரும், சுழல்வது மிகக் கொஞ்சம். முட்டியை மடக்கி முழு எடையையும் அதில் வைத்துக்கொண்டு, பாதம் தரையில் ஒட்டியிருக்கும்போது இடுப்பைத் திருப்பினால் அந்தத் திருகல் எங்கே போகும்? உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு வட்டில்தான் இறங்கும். தாய் சியின் ஒரு வகையான யாங் பாணியில் சில ஆசிரியர்கள் எடை இருக்கும் காலிலேயே பாதத்தைத் திருப்பச் சொல்வார்கள். சிலர் எடையைப் பின்காலுக்கு மாற்றிவிட்டு, காலியான பாதத்தைத் திருப்பி, பிறகு எடை ஏற்றச் சொல்வார்கள். எது அசல் என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. ஐம்பது தாண்டியவர்களுக்கும் முட்டி வலிப்பவர்களுக்கும் இரண்டாவது முறைதான், பேச்சே இல்லை. முட்டி எப்போதும் பாதத்தின் இரண்டாவது விரல் போகிற திசையில் போக வேண்டும். உள்பக்கம் சரிந்தால் உடனே நிறுத்துங்கள். நிலை எவ்வளவு தாழ்வாக இருந்தால் அவ்வளவு சிறப்பு என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1956-இல் சீனாவில் பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொகுப்பில்கூடப் பாம்பு தரையோடு இறங்குவது போன்ற அசைவும், அதை ஒட்டிச் சேவல் ஒற்றைக்காலில் நிற்கும் அசைவும் உண்டு. இரண்டையும் மாற்றித்தான் சொல்லித்தருகிறேன்: பாம்பு பாதிதான் இறங்கும், சேவலின் ஒரு கால்விரல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்வரிசையில் நின்று நீங்கள் அழகாக முழுதாக இறங்கிக் காட்டினால் பின்னால் நிற்பவரும் இறங்கத்தான் பார்ப்பார். செய்துகாட்டும்போது வகுப்பில் பலவீனமானவரின் உயரத்தில் செய்துகாட்டுங்கள். இது கொஞ்சம் நம் கர்வத்தைக் கடிக்கும்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்புப்புரை இருப்பவர்கள் முதுகை வளைத்துக் குனியக் கூடாது, குனிந்த நிலையில் முறுக்கவும் கூடாது. முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கும் அபாயம் உண்டு. 1984-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களைவிடப் பல மடங்கு புது முறிவுகள் தெரிந்தன. ஆட்கள் மிகக் குறைவு என்பதால் எண்ணிக்கையைப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் எச்சரிக்கைக்கு அது போதும். பதுவான்ஜின் எனும் எட்டு அசைவு சிகோங்கில் கைகளால் பாதம் வரை குனிவதும் உண்டு, குதிகாலைத் தூக்கித் தொப்பென்று போடுவதும் உண்டு. இவர்களுக்கு முதலாவதை இடுப்பிலிருந்து பாதி சாய்வாகவும் இரண்டாவதை மெல்ல இறக்குவதாகவும் மாற்றிவிடுங்கள். தலையைத் தாழ்த்துவது கண்ணின் உள்ளழுத்தத்தையும் ஏற்றும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பவருக்கும் அதே மாற்றம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலருக்கு முதல் சில மாதம் தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கும். அறுவை செய்த விதத்தைப் பொறுத்து அது மாறும், ஆகவே அவருடைய மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள், நாமாக ஊகிக்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். கர்ப்பிணிகளை நெடுநேரம் அசையாமல் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், ‘ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்கேன்’ என்று சிரித்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உள்ளே கசியும் ரத்தம் மணிக்கணக்கில் தாமதமாகவும் காட்டலாம்.

விழுவதைக் குறைக்கச் சொல்லித்தரும் பயிற்சியிலேயே விழுந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. சமநிலை குறைந்தவரைச் சுவர் ஓரமாக நிறுத்துங்கள். முன்னால் ஒரு நாற்காலி, சக்கரம் இல்லாதது, முதுகுப்பக்கம் அவரை நோக்கி. கண்ணை மூடச் சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள். பாதமும் உள்காதும் சரியாக வேலை செய்யாதவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். பின்னால் அடி வைக்கும் அசைவுகளுக்கு முன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பை, தண்ணீர்ப் புட்டி, விரிப்பின் மடிந்த ஓரம், இவைதான் ஆளைத் தள்ளும். வெட்டவெளியில் எடுத்தால் ஈரப் புல், உதிர்ந்த இலை, வெயில்.

சிகோங்கில் மனம் சம்பந்தமான ஆபத்து ஒன்று இருக்கிறது. இங்கே என் குரல் கொஞ்சம் தாழும். தீவிரமாக, நெடுநேரம் சிகோங் செய்தவர்களில் சிலருக்கு மனம் பிறழ்ந்த நிலை வந்ததாகச் சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994-ஆம் ஆண்டுக் கையேடு இதைப் பண்பாடு சார்ந்த நிலைகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. பயிற்சிதான் காரணமா, ஏற்கெனவே உள்ளே இருந்த நோயை அது கிளப்பிவிட்டதா என்பது தீராத விவாதம். நடைமுறைக்கு எனக்கு இது போதும்: உளச்சிதைவு நோய் அல்லது இருதுருவ மனநோய் வந்தவர்களுக்குத் தனியாக அமர்ந்து செய்யும் நீண்ட தியானமோ, உடம்புக்குள் சக்தி ஓடுவதாகக் கற்பனை செய்யும் பயிற்சியோ நான் தருவதில்லை. கண் திறந்தபடி, அசைவோடு, குறைந்த நேரம். அதற்கும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். யாராவது ‘எனக்குள்ளே ஏதோ ஏறுது, தூக்கமே வரலை’ என்றால், ‘அது முன்னேற்றம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு முறை ஒரு அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்து, ‘உங்க வகுப்புக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன் தம்பி’ என்றார். பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கிருந்து அந்த நம்பிக்கை வந்தது என்று யோசித்தால், நான்தான் ஏதோ ஒரு நாள் ‘தாய் சி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறேன். குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அதற்காக மாத்திரைக்கு மாற்றாகிவிடாது. இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: மருந்தைத் தொடங்குவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்தவர் வேலை. விளம்பரத்திலும் ‘குணமாகும்’ என்ற சொல்லைப் போடாதீர்கள். நோயின் பெயரைச் சொல்லிக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது பல நாடுகளில் சட்டப்படியே தப்பு.

தொட்டுத் திருத்துவது: ‘தோளைத் தொட்டுக் காட்டலாமா?’ என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முந்தின வாரம் சரி என்றவர் இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லலாம். பெரும்பாலான திருத்தங்களை வாயால் சொல்லியோ செய்துகாட்டியோ முடித்துவிடலாம். சிறுவர்கள் இருந்தால் இன்னொரு பெரியவர் அறையில் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். இருவர் கை கோத்துத் தள்ளும் பயிற்சியையும் வாளையும் முதல் வருடம் தொடவே வேண்டாம்.

இனி, அவசரம். முதலுதவிச் சான்றிதழ் இல்லாமல் வகுப்பைத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மயங்கியவரைத் தூக்கி உட்கார வைக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். செய்யாதீர்கள், படுக்கவைத்து, காலை உயர்த்துங்கள். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிட்டாலும், நெஞ்சு வலியோ படபடப்போ சேர்ந்திருந்தாலும் ஆம்புலன்ஸ். சர்க்கரை இறங்கி நடுங்கி வியர்ப்பவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே கரையக்கூடிய சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. முகம் கோணல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாதம் என்று வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு கூப்பிடுங்கள். மூச்சு சரியாக இல்லை, அசைவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இதய அதிர்ச்சிக் கருவி அந்தக் கட்டிடத்தில் எங்கே இருக்கிறது, அந்த அறையின் முழு முகவரி என்ன, வாசலில் ஆம்புலன்ஸுக்கு யார் வழி காட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பதற்றத்தில் முகவரி நாக்கில் வராது. காணொளி வகுப்பு என்றால், ஒவ்வொருவரும் எங்கிருந்து சேர்கிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கால் அசைவுகளைத் திரை வழியாக நான் சொல்லித்தருவதே இல்லை. விழுகிறவரைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிப் பிடிப்பது?

கடைசியாக அந்தக் கையெழுத்து. ‘என்ன ஆனாலும் ஆசிரியர் பொறுப்பல்ல’ என்ற வரி எல்லா இடத்திலும் செல்லாது. உதாரணத்துக்கு, கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்துபவரின் கவனக்குறைவால் வந்த மரணத்துக்கோ காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்று பிரிட்டனில் 1977-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வேறு இடங்களில் சட்டம் வேறு மாதிரி இருக்கும். அதைத்தான் வழக்கறிஞரிடம் கேளுங்கள் என்றேன். பொதுவாகப் பார்க்கப்படுவது, உங்கள் இடத்தில் ஒரு நிதானமான ஆசிரியர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார், அதை நீங்கள் செய்தீர்களா என்பதுதான். எல்லாம் செய்தும் ஒருவர் விழலாம். அது தப்பு ஆகாது. கேட்காமல், பார்க்காமல், மாற்றாமல் விட்டு ஒருவர் விழுந்தால் தப்பு நம்முடையது. என் வகுப்பில் சாய்ந்த அந்தப் பெரியவர் விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். காப்பீட்டுத் தாளில் ‘தாய் சி’, ‘சிகோங்’ இரண்டு பெயரும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். சில திட்டங்கள் தற்காப்புக் கலை என்று வகைப்படுத்தி விலக்கிவிடும். சின்ன விபத்தானாலும் அன்றைக்கே, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கருத்து வேண்டாம், நடந்தது மட்டும்.

உங்கள் படிவத்தின் கேள்விகளை இங்கே பதிவிட்டால் பார்த்துச் சொல்கிறேன். மாத்திரைகளின் பெயரை எழுத ஒரு இடம் விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.